பண்ணை சாண கேஸ்: அடுப்புக்கா, ஜெனரேட்டருக்கா, வண்டிக்கா?

பால் பண்ணையில சாண கேஸ் பிளான்ட் போடணும்னு பேச்சு வந்தாலே சாணம் புளிச்சு கேஸ் ஆகற தொட்டி எந்த டைப்னுதான் முதல்ல சண்டை நடக்குது, வர்ற கேஸை என்ன பண்ணப்போறோம்ங்கறத கடைசியாத்தான் யோசிக்கறாங்க. என்னைக் கேட்டா முதல்ல முடிவு பண்ண வேண்டியதே அதுதான்.

கணக்குக்கு 50 மாடு வெச்சுக்கலாம். மாட்டுக்கு தினம் 20 கிலோ சாணம் கைக்கு வந்தா 1000 கிலோ, கிலோவுக்கு சுமார் 40 லிட்டர் கேஸ்னா மொத்தம் 40 கன மீட்டர். அதுல மீத்தேன் 60 சதவீதம் பக்கம் இருக்கும், மிச்சம் பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடு, கூடவே துளியூண்டு ஹைட்ரஜன் சல்பைடு. அந்தத் துளிதான் வில்லன்.

நேரா எரிச்சா இந்த 40 கன மீட்டர் கிட்டத்தட்ட 17 கிலோ எல்பிஜிக்கு சமம். பர்னர், பைப், பைப்புல தேங்கற தண்ணிய வடிக்க ஒரு வழி, பெரிய செலவு இல்ல. கறவை மெஷின், பால் டேங்க் கழுவ தினமும் சுடுதண்ணி வேணும்ங்கறதால வேலையும் அங்கேயே இருக்கு. தேவைக்கு மேல கேஸ் வந்தாதான் தலைவலி, சும்மா திறந்து விட்டுடக்கூடாது, 100 வருஷக் கணக்குல மீத்தேன் கார்பன் டை ஆக்சைடை விட 27 மடங்குக்கு மேல சூடேத்தும், அதனால மீறினத எரிச்சே ஆகணும்.

ஜெனரேட்டர்தான் எல்லாருக்கும் ஆசை. கன மீட்டருக்கு ஒன்றரையிலருந்து 2 யூனிட் கரன்ட், ஆக நாளைக்கு 60லருந்து 80 யூனிட். நாள் முழுக்க ஓட்டினா 3 கிலோவாட்தான் வரும், பார்க்க ஏமாத்தமா இருக்கும், ஆனா கேஸை பலூன்ல சேத்து வெச்சு ரெண்டு வேளை கறவை, பால் குளிரூட்டற நேரத்துல மட்டும் 10 கிலோவாட் மெஷினை ஓட்டுங்க, கரன்ட் அதிகமா இழுக்கற நேரத்தை அதுவே தாங்கும். எஞ்சின்ல போற எனர்ஜியில பெரும்பகுதி சூடாத்தான் வெளிய வருது, அந்த சூட்டுல கழுவ தண்ணி காய்ச்சினாலோ தொட்டிய 35 டிகிரி பக்கம் வெச்சாலோதான் இது லாபம், இல்லைனா பாதிக்கு மேல வீண். சல்பைடை இரும்புத்துரு ஃபில்டர் மாதிரி ஏதாவது வெச்சு எடுக்கலைனா எஞ்சின் ஆயில் அமிலமாகி உள்ள அரிச்சுடும், இதை சோம்பேறித்தனமா விட்டா மெஷின் போச்சு.

வண்டிக்கு பயோ சிஎன்ஜி? கார்பன் டை ஆக்சைடைப் பிரிச்சு 200 பாருக்கு (பார்னா அழுத்தத்தோட அளவு) மேல அழுத்தணும், ஒரு கிலோவுக்கு 2 கன மீட்டருக்கு மேல கேஸ் போகுது, நம்ம 50 மாட்டுக்கு 17 கிலோ தேறும். அதுக்காக சுத்திகரிப்பு மெஷினும் கம்ப்ரஸரும் வாங்கறது கட்டுப்படியாகாது. அக்கம்பக்கத்துப் பண்ணைங்க சேந்து சாணத்தை ஒரே இடத்துக்குக் கொண்டு வந்தா கதை வேற, ஆனா சாணத்துல முக்கால்வாசிக்கு மேல தண்ணிதான், தூரமா வண்டி வெச்சு ஏத்தினா டீசலே லாபத்த தின்னுடும்.

இதுல எதுக்குப் போனாலும் தொழுவத்தை ஹோஸ் பிடிச்சுக் கழுவி சாணத்தை நீத்துட்டா தொட்டி ரெண்டு மூணு மடங்கு பெருசாகும், குளிர்ல கேஸ் குறையும், ஆன்டிபயாட்டிக் போட்ட மாட்டு சாணம் நிறைய விழுந்தா கேஸ் உண்டாக்கற பாக்டீரியா சோர்ந்துபோகும். அதே மாதிரி கேஸ் வந்தப்புறம் தொட்டியில மிஞ்சி எருவா போற கரைசல், அதாவது ஸ்லரியும் மூணுலயும் ஒண்ணுதான், அதுல தழைச்சத்து அப்படியே தங்குது, ஆனா ஸ்லரி வருமானத்தையும் சேத்துக் காட்டி ஜெனரேட்டர் விக்க வந்தாங்கன்னா கணக்குல அந்த வருமானத்தை அடிச்சுட்டு மிச்சத்தைக் காட்டச் சொல்லுங்க.