மாத்தளையா, கொக்கலையா? இலங்கையில் வாசனைத் தோட்டம் பார்க்கப் போகிறவர்களுக்கு

இலங்கைப் பயணத்தில் வாசனைத் தோட்டத்துக்கு அரை நாள்தான் ஒதுக்க முடியும் என்றால், தெற்குக் கரையில் கொக்கலைப் பக்கம் இருக்கும் கறுவாத் (சமையல் பட்டை) தோட்டத்துக்குப் போங்கள் என்றுதான் சொல்வேன். பயண முகவர்கள் பெரும்பாலும் மாத்தளையைத்தான் திட்டத்தில் சேர்ப்பார்கள். கண்டியிலிருந்து தம்புள்ளை, சிகிரியா போகிற சாலையிலேயே அது இருப்பதால் தனியாக மெனக்கெட வேண்டியதில்லை. இரண்டையும் பார்த்தவன் நான். அடுத்த முறை யாரையாவது அழைத்துப் போவதென்றால் கொக்கலைப் பக்கம்தான் அழைத்துப் போவேன்.

மாத்தளைக்கு உரிய பெருமையை முதலில் கொடுத்துவிட வேண்டும். மிளகு, ஏலம், கிராம்பு, சாதிக்காய், வனிலா, கொக்கோ எல்லாம் ஒரே வேலிக்குள் இருக்கின்றன. ஏலக்காய் செடியின் உச்சியில் காய்ப்பதில்லை, அடியில் மண்ணை ஒட்டிக் காய்க்கிறது என்பதை நம் குழந்தைகள் நேரில் பார்க்கலாம். கொக்கோக் காய் நடுமரத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். சாதிக்காயைப் பிளந்தால் கொட்டையைச் சுற்றிச் செக்கச் சிவந்த வலையாகச் சாதிபத்திரி தெரியும். வனிலாப் பூ ஒரே நாள்தான் மலர்ந்திருக்கும், அதற்குள் கையால் மகரந்தம் சேர்த்தாக வேண்டும். அந்தக் கைமுறையை 1841இல் ரீயூனியன் தீவில் கண்டறிந்தவன் எட்மண்ட் ஆல்பியஸ் என்ற 12 வயது அடிமைச் சிறுவன். இன்றும் உலகெங்கும் வனிலாத் தோட்டங்களில் அவன் வழியைத்தான் பின்பற்றுகிறார்கள். செடிகளின் வகைதான் முக்கியம் என்பவர்களுக்கு மாத்தளையே போதும்.

என் முடிவைத் தீர்மானித்தது வேறு ஒன்று. சுற்றிக் காட்டுகிறவருக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது? மாத்தளைச் சாலையோரத் தோட்டங்களில் பெரும்பாலும் நுழைவுக் கட்டணம் கிடையாது. பணமெல்லாம் கடைசியில் இருக்கும் கடையில்தான். உங்களை அழைத்து வந்த ஓட்டுநருக்கும் விற்பனையில் பங்கு போவது அங்கே எல்லாரும் அறிந்த விஷயம். இதனால் சுற்றிக் காட்டும் விதமே மாறிவிடுகிறது. ஒவ்வொரு செடியும் ஏதோ ஒரு நோய்க்கு மருந்தாகவே அறிமுகமாகிறது. முழங்கால் வலிக்கு இந்த எண்ணெய், முடி கொட்டுவதற்கு அந்த எண்ணெய், முடி அகற்ற இன்னொரு களிம்பு என்று பேச்சு போகும். ஒரு கொடியில் எவ்வளவு மிளகு கிடைக்கும், எந்த மாதம் பறிப்பீர்கள் என்று நான் கேட்டேன். இரண்டு வரியில் பதில் சொல்லிவிட்டு மறுபடி புட்டிகளுக்கே வந்துவிட்டார் அந்த இளைஞர். அவரைக் குறை சொல்ல மனமில்லை, அவர் பிழைப்பு அந்தப் புட்டிகளில்தான் இருக்கிறது. ஆனால் ஒருவர் அரை மணி நேரம் அன்பாகப் பேசி, தோளையும் பிடித்துவிட்ட பிறகு, ஒன்றும் வாங்காமல் எழுந்து வருவது நம்மில் பலருக்கு முடியாது. விலையோ நகரத்துக் கடைகளைவிடப் பல மடங்கு. மாத்தளையில் இறங்கினால் மிளகையும் கிராம்பையும் முத்துமாரியம்மன் கோவிலுக்குப் போகும் வழியில் சாதாரண மளிகைக் கடையில் வாங்குங்கள்.

நான் பார்த்தவை சாலையோரத் தோட்டங்கள் மட்டும்தான். உள்ளே தள்ளி இருக்கும் சிறு விவசாயிகளின் மிளகுத் தோட்டங்களுக்கு நான் போனதில்லை, அவற்றுக்கு இந்தக் குறை பொருந்தாமல் இருக்கலாம்.

கொக்கலை, காலியிலிருந்து மாத்தறை போகும் கடற்கரைச் சாலையில் இருக்கிறது. ரயிலும் நிற்கும். ஏரியில் படகு அமர்த்திக்கொண்டு போனால் நடுவில் இருக்கும் சிறு தீவுகளில் ஒன்றில் கறுவா உரிக்கிற குடும்பத்தைப் பார்க்கலாம். அதே சாலையில் இன்னும் தள்ளி இருக்கும் மிரிஸ்ஸ பக்கத்துக் கறுவா எஸ்டேட்டுகள் சில, கட்டணம் வாங்கிக்கொண்டு சுற்றிக் காட்டுகின்றன. படகுக்கோ சுற்றுக்கோ நாம் முன்பே பணம் கொடுத்துவிடுவதால் பேச்சு தொழிலைப் பற்றியதாக இருக்கிறது. கடைசியில் இங்கேயும் பட்டையும் எண்ணெயும் விற்கத்தான் செய்கிறார்கள், ஆனால் வேண்டாம் என்றால் முகம் மாறுவதில்லை.

பார்க்க வேண்டியது அந்தக் கைவேலையைத்தான். வெட்டிய கிளையின் மேல்தோலை முதலில் சுரண்டி எடுக்கிறார்கள். பிறகு பித்தளைத் தண்டால் அழுத்தித் தேய்க்கிறார்கள். உள்பட்டை கட்டையிலிருந்து இளகுவது அந்தத் தேய்ப்பில்தான். நீளவாட்டில் இரண்டு கீறல் போட்டுக் கத்தியை நுழைத்து நகர்த்தினால், காகிதம் போன்ற பட்டை முழுதாகக் கழன்று வருகிறது. ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி, உடைந்த துண்டுகளை உள்ளே நிரப்பி, சுமார் 42 அங்குல நீளக் குச்சியாக்கி, நிழலில் கூரைக்கடியில் உலர்த்துகிறார்கள். வெட்டிய அடிக்கட்டையிலிருந்து மறுபடி கிளைகள் எழும், மரத்தைக் கொல்ல வேண்டியதில்லை. இலையைக் கசக்கி முகர்ந்து பாருங்கள், கிராம்பு வாசனை அடிக்கும். கிராம்புக்கு மணம் தரும் யூஜெனால் என்ற பொருள் இலை எண்ணெயிலும் மிகுதியாக இருப்பதுதான் காரணம்.

நம் ஊர்க் கடைகளில் பட்டை என்று கிடைப்பதில் பெரும்பகுதி காசியா, அதாவது கறுவாவுக்கு உறவான வேறு மரங்களின் பட்டை. தடித்த ஒற்றைத் தோல், காரம் அதிகம், அளவு மீறினால் கல்லீரலுக்கு ஆகாத கூமரின் என்ற பொருளும் அதிகம். இலங்கைக் கறுவா பல மெல்லிய அடுக்குகளாகச் சுருண்டிருக்கும். 2022இல் ஐரோப்பிய ஒன்றியம் இதற்குப் புவிசார் குறியீடு வழங்கியது, இலங்கைக்குக் கிடைத்த முதல் குறியீடு அது. உரிப்பவரின் விரல்களைப் பார்த்த பிறகு, காசியாவைவிட இதற்கு விலை கூடுதலாக இருப்பது எனக்கு நியாயமாகவே பட்டது.

பருவம் பற்றி ஓர் எச்சரிக்கை. மழை பெய்து, சிவந்த கொழுந்து பச்சையாக முற்றிய பிறகே பட்டை எளிதில் கழலும். நான் போனது அப்படிப்பட்ட ஈரமான நாட்களில்தான். வறண்ட மாதங்களில் உரிப்பதைப் பார்க்க முடியுமா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். படகில் ஏறி இறங்கச் சிரமப்படும் பெரியவர்கள் உடன் வந்தால் மிரிஸ்ஸ பக்கம் வசதி, ஆனால் அங்கேயும் ஏற்றம் உண்டு.

வாங்குவதானால் தரத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். மிக மெல்லிய குச்சி ஆல்பா (Alba). அதற்கடுத்த சி5, சி4 தரங்கள் அன்றாடச் சமையலுக்குத் தாராளமாகப் போதும். ஆல்பா விரலழுத்தத்திலேயே நொறுங்கும், அதனால் கெட்டியான டப்பா ஒன்றை ஊரிலிருந்தே எடுத்துப் போங்கள்.