ரூடெஸ்ஹைமில் ஒரு நாள்: சந்துக்கு அரை மணி நேரம், மீதியெல்லாம் மலைக்கு

ஜேர்மனியில் பிள்ளைகள் இருக்கிற மட்டக்களப்புத் தாய் தகப்பன்மார் விசா கிடைத்து அங்கே போனால், அநேகமாக மூன்று இடங்களுக்குத்தான் கூட்டிப் போவார்கள். கொலோன் பேராலயம், ஹாம் காமாட்சி அம்பாள் கோயில், வசதிப்பட்டால் பாரிஸ். மூன்றும் பார்க்க வேண்டியவைதான். ஆனால் பிராங்பேர்ட் பக்கம் தங்குபவர்கள் ஒரு நாளை ரூடெஸ்ஹைமுக்கு ஒதுக்குங்கள் என்று உறுதியாகச் சொல்வேன். ரைன் ஆற்றங்கரையில், ரைன்காவ் என்கிற வைன் பிரதேசத்தில் உள்ள சின்ன ஊர் அது. நான் விவசாயப் போதனாசிரியராக மட்டக்களப்பில் வெல்லாவெளி, வவுணதீவு, கிரான் என்று வயல் வரம்புகளிலேயே உத்தியோகக் காலத்தைக் கழித்தவன். ஆகவே நான் எழுதுவதில் கட்டடங்களைவிடக் கொடிகளே அதிகம் இருக்கும்.

பிராங்பேர்ட் பெரிய ஸ்டேசனில் இருந்து வீஸ்பாடன் வழியாகப் போகும் பிராந்திய ரயில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக எடுக்கிறது. வீஸ்பாடனில் ரயில் திசை மாறிப் புறப்படும். அதன் பிறகு போகும் திசைக்கு இடது பக்க யன்னலில் இருங்கள், ஆறு அந்தப் பக்கம்தான் வரும். மகளிடம் நாடு முழுக்கப் பிராந்திய ரயில்களில் செல்லுபடியாகும் மாதாந்த ஜேர்மனி ரிக்கெற் இருந்தது. 2025இல் 58 யூரோவாக இருந்த அது 2026 ஜனவரியில் 63 ஆகிவிட்டது. குடும்பமாகப் போகிறவர்களுக்கு ஹெசன் மாநிலத்தின் ஒரு நாள் ரிக்கெற் நல்லது. ஐந்து பேர் வரை ஒன்றாகப் போகலாம், ஆனால் கிழமை நாட்களில் காலை 9 மணிக்குப் பிறகுதான் செல்லுபடியாகும். நாங்கள் போனது செப்டெம்பர் கடைசியில். அந்த ஊரைப் பார்க்க அதைவிடத் திறமான காலம் இல்லை. பழம் கொடியில் நிற்கும், வெயிலும் சுடாது.

ஸ்டேசனில் இறங்கியதும் எல்லாச் சனமும் ஒரே திசையில் போகும். அவர்கள் போவது ட்ரோசல்காஸ என்ற சந்துக்கு. 144 மீற்றர் நீளம், இரண்டு பேர் கை கோத்து நடந்தால் எதிரே வருகிறவர் ஒதுங்க வேண்டிய அகலம். இரண்டு பக்கமும் மரச் சட்டம் போட்ட பழைய வீடுகள், வைன் கடைகள், பாட்டுச் சத்தம். பார்க்க வடிவாகத்தான் இருக்கிறது. படம் எடுங்கள், நடந்து கடவுங்கள், அரை மணி நேரம் தாராளம். சாப்பிட மட்டும் உட்காராதீர்கள். என் மனைவிக்குச் சீனி வருத்தம், மருந்து நேரத்துக்குச் சாப்பிட்டாக வேண்டும் என்பதற்காக அங்கே ஒரு கடையில் ஏறினோம். பெயர் வேண்டாம். உருளைக்கிழங்கும் இறைச்சியும் வர முக்கால் மணி நேரம். வந்தபோது கிழங்கு ஆறிப் போயிருந்தது. பரிமாறிய பிள்ளை கேட்ட கேள்விக்கு நின்று பதில் சொல்லவும் இல்லை. பஸ்ஸில் வந்திறங்கி ஒரு மணி நேரத்தில் திரும்பிப் போகிற சனத்தை நம்பி நடக்கிற கடை அது. திரும்பி வராத வாடிக்கையாளரை எப்படிக் கவனித்தாலும் சரி என்ற நினைப்பு சாப்பாட்டில் தெரிந்தது.

ஊரின் பெயரில் ஒரு கோப்பியும் உண்டு. அஸ்பாக் என்ற பிரண்டி 1892இல் இந்த ஊரில் தொடங்கிய நிறுவனத்துடையது. சீனிக் கட்டியின் மேல் அந்தப் பிரண்டியை ஊற்றி, நெருப்பு வைத்து, கோப்பி விட்டு, மேலே அடித்த கிறீம் போட்டுத் தருவார்கள். 1957இல் இருந்து இந்த வழக்கம். நெருப்பு வைத்தாலும் சாராயம் முழுக்கப் போய்விடாது. பிள்ளைகளுக்கு ருசி பார்க்கக் கொடுக்க வேண்டாம். எனக்கு அது இனிப்புக் கூடிப் போய்விட்டது.

சந்து முடிந்து கொஞ்சம் நடந்தால் கேபிள் கார் நிலையம். இங்கிருந்துதான் நாள் தொடங்குகிறது. 1954இல் போட்ட பாதை, 1,400 மீற்றர். இரண்டு பேர் மட்டும் இருக்கக்கூடிய சின்னக் கூடு. பத்து நிமிடம் சத்தமில்லாமல் திராட்சைத் தோட்டத்துக்கு மேலாகப் போகிறது. மனைவி ஏறும்போது பயந்து என் கையைப் பிடித்தவள், பாதி வழியில் கையை விட்டுவிட்டு, "இஞ்ச பாருங்க, கீழ முழுக்கப் பழம்" என்று காட்டத் தொடங்கிவிட்டாள்.

மேலே நீடர்வால்ட் நினைவுச் சின்னம் இருக்கிறது. 1871இல் ஜேர்மன் அரசுகள் ஒன்றாகிப் பேரரசான ஞாபகத்துக்குக் கட்டி, 1883இல் திறந்தது. 38 மீற்றர் உயரம், உச்சியில் ஜெர்மானியா என்கிற பெண் உருவம். யுத்த வெற்றியைக் கொண்டாடுகிற சிலைகள் முன்னால் எனக்கு அதிக நேரம் நிற்க மனம் வருவதில்லை. அதன் முற்றத்தில் நின்று கீழே பார்ப்பதுதான் முக்கியம். எதிர்க்கரையில் பிங்கன் நகரம், கிழக்கே தீவுகளோடு அகன்று கிடக்கிற ஆறு. மேற்கே அதே ஆறு மலைகளுக்கு நடுவே ஒடுங்கி உள்ளே போகிறது. அங்கிருந்து கோப்லென்ஸ் வரைக்கும் சுமார் 65 கிலோமீற்றர் பள்ளத்தாக்கை 2002இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக அறிவித்தது.

மறுகா நாங்கள் கேபிள் காரில் திரும்ப இறங்கவில்லை. மஞ்சள் குறி போட்ட நடைபாதையைப் பிடித்து, தோட்டங்களுக்கு ஊடாக, ரூடெஸ்ஹைமோடு சேர்ந்த ஐபிங்கன் கிராமத்துப் பக்கம் நடந்தோம். இந்த நடைக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

ரூடெஸ்ஹைம் கிட்டத்தட்ட 50 பாகை வட அகலக்கோட்டில் இருக்கிறது. அவ்வளவு வடக்கே திராட்சை பழுப்பதே பெரிய காரியம். தெற்கில் இருந்து வடக்கே ஓடி வரும் ரைன், மைன்ஸ் நகரத்தடியில் மலை மறிப்பதால் மேற்கே திரும்புகிறது. அதனால் வலது கரைச் சரிவு முழுவதும் தெற்கைப் பார்த்து நிற்கிறது. பின்னால் டாவ்னுஸ் மலை வடக்குக் குளிர் காற்றை மறிக்கிறது. முன்னால் ஆற்று நீர் சூட்டைப் பிடித்து வைத்திருக்கிறது. காலுக்குக் கீழே சிலேற்றுக் கல்லும் குவாட்சும். பகல் வெயிலை வாங்கி இரவில் விடுகிற கற்கள். நம் பக்கத்தில் நாற்றுக்கு எப்படி நிழல் கொடுப்பது என்று கமக்காரருக்குச் சொல்லிக் கொடுத்தே பழகியவன் நான். அங்கே ஒவ்வொரு இலையையும் வெயிலுக்குத் திருப்பி வைத்திருக்கிறார்கள். குலைக்குப் பக்கத்து இலைகளைக் கிள்ளி எடுத்துவிட்டிருந்தார்கள்; காற்றும் வெயிலும் பழத்தில் படவும், பூஞ்சணம் பிடிக்காமல் இருக்கவும்.

ரைன்காவில் 3,000 ஹெக்டேயருக்குச் சற்றுக் கூடுதலாகத் திராட்சை இருக்கிறது. அதில் முக்கால் பங்குக்கு மேல் ரீஸ்லிங் என்ற ஒரே வெள்ளை இனம். ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை புல் வளர விட்டிருந்தார்கள்; சரிவில் மண் அரித்துப் போகாமல் இருக்க அது வேண்டும். நூற்றுக்கு 30க்கு மேல் சரிந்த நிலத்தைச் செங்குத்து நிலம் என்று தனியாகவே வகைப்படுத்துகிறார்கள். அங்கே சாதாரண உழவு இயந்திரம் ஏறாது, பல இடத்தில் கை வேலைதான். கம்பியில் சின்னச் சின்னக் கபில நிறப் பிளாஸ்ரிக் குழாய்கள் தொங்கின. மருமகன், "மாமா, அது என்ன?" என்று கேட்டார். பெண் பூச்சியின் வாசனையைக் காற்றில் பரப்பி, ஆண் பூச்சிக்கு வழி தெரியாமல் செய்து இனப்பெருக்கத்தைத் தடுக்கிற முறை அது. பழத்தைத் துளைக்கிற அந்துப் பூச்சிக்கு மருந்து அடிக்காமல் வைத்திருக்கிற காவல். அதைக் கடதாசியில் படித்திருக்கிறேன், ஒரு மலை முழுக்கத் தொங்கக் கண்டது அங்கேதான். அந்த ஒரு காட்சிக்காகவே நான் திரும்பவும் போவேன்.

பேரனுக்குக் கொடியின் அடித்தண்டில் உள்ள புடைப்பைக் காட்டினேன். "அம்மப்பா, இது காயமா?" என்றான். காயம் இல்லை, ஒட்டு. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் இருந்து வந்த பிலொக்சரா என்ற பூச்சி ஐரோப்பாத் திராட்சையின் வேரைத் தின்று தோட்டம் தோட்டமாக அழித்தது. அந்தப் பூச்சியைத் தாங்குகிற அமெரிக்க வேர்க்கட்டையில் ஐரோப்பியக் கிளையை ஒட்டித்தான் தப்பினார்கள். இன்றும் அநேகமாக எல்லாக் கொடியும் அப்படித்தான் நிற்கிறது. களுதாவளையில் மா ஒட்டுகிற கமக்காரர் எவரும் அந்தப் புடைப்பைப் பார்த்ததும் தலையசைப்பார்.

அப்படி நடந்து வந்தால் திராட்சை வரிசைகளுக்கு நடுவே புனித ஹில்டகார்ட் கன்னியர் மடம். ஹில்டகார்ட் அம்மையார் 1165இல் ஐபிங்கனில் மடம் தொடங்கியவர்; மூலிகை, மருத்துவம், இசை எல்லாவற்றிலும் எழுதி வைத்தவர். 2012இல் பாப்பரசர் அவரைத் திருச்சபையின் மறைவல்லுநராக அறிவித்தார். இப்போது நிற்கிற கட்டடம் 1900க்கும் 1904க்கும் இடையில் கட்டியது. 1941இல் நாசிகள் கன்னியரை வெளியேற்றினார்கள், 1945இல் திரும்பி வந்தார்கள். என் மனைவி மட்டக்களப்பு புனித சிசிலியா பாடசாலையில் கன்னியரிடம் படித்தவள். சுவர் முழுக்க ஓவியம் வரைந்த அந்தக் கோயிலுக்குள் போனவள் வெளியே வர மனமில்லாமல் இருந்தாள். நுழையக் காசு இல்லை. கன்னியர்மாரே தோட்டம் செய்து வைன் எடுக்கிறார்கள், பக்கத்திலேயே கடை வைத்து விற்கிறார்கள். பழங்காலக் கோதுமை இனமான டிங்கலில் செய்த பிஸ்கற், மூலிகைத் தேயிலை எல்லாம் உண்டு. கடையில் நின்ற வயதான சிஸ்டர் எங்களை எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டு, மகள் மொழிபெயர்க்கப் பொறுமையாக நின்று கேட்டார். சாமான் வாங்குவதென்றால் சந்தில் வேண்டாம், இங்கே வாங்குங்கள்.

பின்னேரம் ஐபிங்கனில் ஒரு கமக்காரர் வீட்டு முற்றத்தில் இருந்தோம். வாசலில் மாலை மாதிரிக் கிளை தொங்கினால் திறந்திருக்கிறது என்று அர்த்தம். வைன் செய்கிறவர் தன் சொந்த வைனைத் தன் வீட்டிலேயே, ஆண்டில் நான்கு மாதம் வரை, 40 இருக்கைக்கு மேல் போடாமல், பெரிய உணவகத்துக்குரிய அனுமதிப்பத்திரம் இல்லாமலே விற்கலாம் என்று சட்டமே இருக்கிறது. சாப்பாடும் எளிமையானதுதான்: பாற்கட்டியைக் குழைத்து வெங்காயமும் மிளகாய்த் தூளும் போட்ட ஸ்புண்டகேஸ், உப்புத் தூவிய பிறெற்சல், வெங்காயப் பணியாரம். நான் பெடர்வைசர் கேட்டேன். திராட்சைச் சாறு பாதி நொதித்து, இன்னும் நுரைத்துக்கொண்டிருக்கும்போதே ஊற்றித் தருவது. காலையில் இறக்கின நம்மூர்க் கள்ளு மாதிரி இனிப்பும் புளிப்புமாக, கலங்கலாக இருக்கும். போத்தல் மூடியை இறுக்கமாட்டார்கள், காற்று வெளியே போக வேண்டும். ரயிலில் கொண்டு வருவதென்றால் படுக்க வைக்காதீர்கள். குடிக்காதவர்களுக்குத் திராட்சைச் சாறு இருக்கிறது, கேட்டால் குறை நினைக்கமாட்டார்கள். மனைவி அதில் பாதிக்குச் சோடாத் தண்ணீர் கலந்து குடித்தாள்.

வீட்டுக்காரப் பெண்ணே ஊற்றித் தந்தார், எந்தச் சரிவில் விளைந்தது என்று கையை நீட்டிக் காட்டியும் விட்டார். விளைவித்தவரே விற்பதற்கு அரசாங்கம் இவ்வளவு சுலபமாக வழி விட்டிருப்பதைப் பார்க்க, நம் ஊர் தெருவோரத்தில் தயிர்ச் சட்டி அடுக்கி வைத்திருக்கிற பண்ணையாளர்கள்தான் ஞாபகம் வந்தார்கள். அவர்களுக்கும் அப்படி ஒரு சட்டம் வேண்டும்.

சில விஷயங்கள் சொல்லிவிடுகிறேன். ஊருக்கும் ஆற்றுக்கும் நடுவே ரயில் பாதை போகிறது, கடவை அடிக்கடி மூடும். சாமான் ரயில்கள் நீளமானவை. படகு பிடிக்கிறவர்கள் அதற்கும் நேரம் வைத்துப் போங்கள். கையில் கொஞ்சம் சில்லறை யூரோ இருக்கட்டும், கமக்காரர் வீட்டில் அட்டை எடுக்காமலும் விடலாம். குளிர் காலத்தில் கேபிள் கார் எல்லா நாளும் ஓடாது, கமக்காரர் முற்றங்களும் பெரும்பாலும் மூடியிருக்கும். டிசெம்பரில் விசா கிடைத்தவர்கள் இதற்காகப் போக வேண்டாம். முழங்கால் நோ உள்ளவர்கள் மேலே இருந்து நடந்து இறங்க வேண்டாம். கேபிள் காரிலேயே ஏறி இறங்கி, மடத்துக்குக் கீழே இருந்து காரில் போகலாம், தோட்டம் வாசல் வரைக்கும் இருக்கிறது. நடக்கக் கூடியவர்கள் அடிப்பாகம் வழுக்காத சப்பாத்துப் போடுங்கள். மழை பெய்தால் அந்தச் சிலேற்றுக் கல் வழுக்கும்.