இலவச வரவு செலவுச் செயலிகள்: பதிவை வெளியே எடுக்கும்போதுதான் மாட்டிக்கொள்வீர்கள்

வரவு செலவு எழுத இலவசச் செயலி தேடுபவர்கள் கவனிக்க. இவற்றில் பல ஒரே பாணியில்தான் கறக்கின்றன. முதலில் எல்லாம் இலவசம். பதிவுகள் நன்றாகச் சேர்ந்தபின் ஒரு அப்டேட் வரும். அதற்கப்புறம் பழைய அறிக்கையைத் திறக்கவும், தரவைக் கோப்பாக எடுக்கவும் பிரீமியம் கட்டச் சொல்லும். நீங்கள் உட்கார்ந்து எழுதிய கணக்கைப் பார்க்க நீங்களே காசு கொடுக்க வேண்டும்.

கொடுத்தாலும் ஒழுங்காகக் கிடைக்காது. சில செயலிகள் பிடிஎஃப் மட்டும் தரும்; அதை வேறு கணக்குச் செயலியில் ஏற்றுவது பெரும்பாடு. கேட்டு வாங்க வேண்டியது சிஎஸ்வி கோப்பு, அதாவது எக்ஸெல் போன்ற விரிதாளில் திறக்கக்கூடிய, காற்புள்ளியால் பிரித்த எளிய எழுத்துக் கோப்பு. அதிலும் வில்லங்கம் உண்டு. கிரெடிட் கார்டில் வாங்கியது ஒரு செலவு, அந்த பில்லை வங்கிக் கணக்கிலிருந்து கட்டியது இன்னொரு செலவு என்று ஒரே பணம் இரண்டு தடவை ஏறியிருக்கும். கட்டியது செலவல்ல, பரிமாற்றம். பரிமாற்றம் என்ற அடையாளத்தைச் செயலி கோப்பில் எழுதாமல் விடுவதால் வரும் கோளாறு இது.

தேதி இன்னும் மோசம். 03/04 என்பதை ஏப்ரல் 3 என்று நீங்கள் எழுதியிருக்க, அமெரிக்கத் தேதி முறையில் அமைந்த விரிதாள் மார்ச் 4 என்று எடுத்துக்கொள்ளும். 25/04 போன்றவை தேதியாகவே மாறாமல் வெறும் எழுத்தாக நிற்கும். அதனால் கண்ணில் படும். 12க்குள் வரும் தேதிகள்தான் சத்தமில்லாமல் இடம் மாறும். 2024-04-03 என ஆண்டை முன்னால் போடும் செயலி என்றால் நிம்மதி. தமிழில் எழுதிய குறிப்புகள் எக்ஸெலில் கிறுக்கலாகத் தெரிந்தால் கோப்பு கெட்டுவிட்டது என்று பதற வேண்டாம். இரட்டை க்ளிக் செய்து திறக்காமல், டேட்டா மெனுவில் ‘ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி’ வழியாக எடுத்து, தமிழ் எழுத்துகளைச் சரியாகக் காட்டும் யுடிஎஃப்-8 குறியாக்கத்தைத் தேர்ந்தெடுங்கள்.

ஆகவே சேர்ந்த அன்றே சோதியுங்கள். இரண்டு கணக்குகள், பத்துப் பதிவுகள் போதும். அவற்றில் ஒரு பரிமாற்றம், திரும்பக் கிடைத்த தொகை ஒன்று, இரண்டு வகையாகப் பிரித்த ரசீது ஒன்று, தமிழ்க் குறிப்பு ஒன்று இருக்கட்டும். கோப்பாக எடுத்துக் கூட்டிப் பாருங்கள். இருப்பு செயலியில் காட்டுவதோடு பொருந்தாவிட்டால் அந்தச் செயலி வேண்டாம்.

‘இலவசச் சோதனைக் காலம்’ என்று கார்டு விவரம் கேட்டால் ஒன்றை நினைவில் வையுங்கள்: செயலியை அழித்தால் சந்தா நிற்காது, பணம் போய்க்கொண்டே இருக்கும். ஆண்ட்ராய்டில் பிளே ஸ்டோர் சுயவிவரப் படத்தைத் தொட்டு, பேமென்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ் போய் ரத்து செய்ய வேண்டும். ஐஃபோனில் செட்டிங்ஸ், உங்கள் பெயர், சப்ஸ்கிரிப்ஷன்ஸ். ஆப்பிளில் காலம் முடிய 24 மணி நேரம் முன்பாவது செய்துவிட வேண்டும். கடைசி நாள் வரை இழுத்தால் கட்டணம் விழுந்துவிடும்.

குறுஞ்செய்தி அனுமதி கேட்கிறதா? வங்கிச் செய்தியைப் படிக்கும் செயலி ஓடிபியையும் படிக்க முடியும். வங்கிக் கடவுச்சொல்லைத் தன் திரையிலேயே தட்டச் சொன்னால் அப்போதே வெளியே வாருங்கள். முறையான இணைப்பு வங்கியின் சொந்தப் பக்கத்துக்கோ அனுமதி பெற்ற இடைநிலைச் சேவையின் பக்கத்துக்கோ உங்களை அனுப்பி, பார்க்கும் உரிமையை மட்டும் வாங்கும். செலவு எழுதும் செயலிக்கு ஆக்ஸசபிலிட்டி அனுமதி (திரையில் உள்ளதைப் படித்து, உங்களுக்குப் பதிலாகத் தட்டும் உரிமை) எதற்கு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. கொடுக்காதீர்கள்.

பெரிய நிறுவனம் என்பதும் உத்தரவாதம் அல்ல. இன்ட்யூட் என்ற அமெரிக்க நிறுவனத்தின் மின்ட் என்ற வரவு செலவுச் சேவை பல ஆண்டுகள் ஓடி, 2024 மார்ச்சில் மூடப்பட்டது. மாதம் ஒருமுறை சிஎஸ்வி எடுத்து வைக்கும் பழக்கம் இருந்தால், அதை விரிதாளிலோ க்னூகேஷ் போன்ற கட்டற்ற மென்பொருளிலோ ஏற்றித் தொடரலாம்.

விலகும்போது வரிசை மாறக் கூடாது. முதலில் கோப்பை எடுத்துத் திறந்து சரிபாருங்கள். பிறகு சந்தாவை ரத்து செய்து, வங்கி இணைப்புக்கு அனுமதி கொடுத்த இடத்திலேயே அதைத் திரும்பப் பெறுங்கள். அடுத்து, செயலிக்குள் உள்ள ‘டிலீட் அக்கவுன்ட்’. ஃபோனிலிருந்து நீக்குவது அதற்கும் அப்புறம்தான்.