கோதுமை இல்லாத அடுப்படி: எந்த மாவு, எந்தப் பிசின்?

மகளுக்கு சீலியாக் நோய் என்று தெரிந்து நான்கு வருடம் ஆகிறது. கோதுமை, பார்லி போன்றவற்றில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் சிறுகுடலைக் கெடுக்கிற நோய் அது. கோதுமை, மைதா, ரவை, சேமியா, பார்லி எதுவும் இப்போது எங்கள் வீட்டுக்குள் வருவதில்லை. "சோறும் இட்லியும் சாப்பிடுற ஊர்ல இதெல்லாம் ஒரு கஷ்டமா?" என்று கேட்காத உறவினர் கிடையாது. மூன்று வேளைச் சாப்பாட்டுக்கு உண்மையிலேயே பெரிய கஷ்டமில்லை. பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பிள்ளை திறக்கும் டப்பாவில் இருக்கிற சாண்ட்விச்சும், யாரோ ஒருவரின் பிறந்தநாளில் வெட்டுகிற கேக்கும்தான் கஷ்டம். ஏழு வயதுக் குழந்தையிடம் "அது நமக்கு வேண்டாம்டா கண்ணு" என்று எத்தனை தடவை சொல்வது? அதற்காகவே பேக்கிங் கற்றுக்கொண்டேன். எந்த மாவு எதற்கு ஆகும், எதற்கு ஆகாது என்று மாற்றி மாற்றிச் செய்து பார்த்ததை இங்கே எழுதுகிறேன். புதிதாக இந்த வழிக்கு வந்திருக்கும் ஒருவருக்காவது மாவும் நேரமும் மிச்சமாகட்டும்.

அதற்கு முன்னால் ஒன்று. சந்தேகம் வந்ததும் கோதுமையை நிறுத்திவிட்டுப் பரிசோதனைக்குப் போகாதீர்கள். ரத்தத்தில் பார்க்கும் டிடிஜி (tTG) என்ற எதிர்ப்பொருள் சோதனையும், எண்டோஸ்கோப்பி வழியாகச் சிறுகுடலில் எடுக்கும் சதைத் துணுக்கும், கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் உண்மையைக் காட்டும். நிறுத்திவிட்டுப் போனால் நோய் இருந்தும் இல்லை என்று வந்துவிடலாம்.

மாவுகள்

கோதுமை மாவில் தண்ணீர் விட்டுப் பிசையும்போது அதிலிருக்கும் கிளையடின், குளூட்டெனின் என்ற இரண்டு புரதங்களும் பின்னிக்கொண்டு ரப்பர் மாதிரி ஒரு வலையாகின்றன. அதுதான் குளூட்டன். ஈஸ்ட் விடும் காற்று அந்த வலைக்குள் சிக்கிக்கொள்வதால் பிரெட் உப்புகிறது. அரிசி, சோளம், கேழ்வரகு போன்ற மாவுகளில் இந்த வலை இல்லை. "கோதுமைக்குப் பதிலா எந்த மாவு?" என்று கேட்கிறவர்களுக்கு ஒரே மாவின் பெயரைப் பதிலாகச் சொல்ல முடியாமல் போவது இதனால்தான். உடம்புக்கு ஒரு மாவு, வாசனைக்கு ஒரு மாவு, மென்மைக்கு ஒரு மாவு, பிடிப்புக்கு ஒரு பிசின் என்று நான்கு பேர் சேர்ந்து செய்கிற வேலை அது.

உடம்புக்கு அரிசி மாவை மிஞ்ச ஒன்றுமில்லை. ஆனால் எந்த அரிசி மாவு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கடைப் பாக்கெட்டில் வரும் உலர்மாவில் செய்த கேக் வாயில் நறநறவென்று மணல்போல இருக்கும். பச்சரிசியை 2 மணி நேரம் ஊறவைத்து, வடித்து, துணியில் நிழலுலர்த்தி, ஈரம் லேசாக இருக்கும்போதே மிக்ஸியில் அரைத்துச் சலித்த மாவு பட்டுப்போல் இருக்கும். அதிரசத்துக்கும் கொழுக்கட்டைக்கும் நம் பாட்டிமார் செய்ததுதான். ஈரத்தோடு அரைக்கும்போது மாவுச்சத்து அதிகம் அடிபடுவதில்லை, தூளும் நைசாக விழுகிறது. ரொட்டிக்கென்று அரைக்கும்போது அதை மறுபடி நன்றாக உலர்த்திவிடுவேன், இல்லையென்றால் தண்ணீர் அளவு தப்பிவிடும். ஒரு நாள் பொழுது இதற்கே போய்விடும்தான். பாக்கெட் மாவுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு முறை ருசித்தவர்கள் அந்தப் பொழுதைக் கணக்குப் பார்க்க மாட்டார்கள்.

வாசனைக்கு என் ஓட்டு வெள்ளைச் சோளத்துக்கு. கோதுமையின் ருசிக்கு மிக அருகில் வருவது அதுதான், கசப்பும் இல்லை, நிறமும் வெளுப்பு. கடையில் "சோள மாவு" என்று மட்டும் கேட்டால் மக்காச்சோளத்திலிருந்து எடுத்த வெள்ளை ஸ்டார்ச்சை, அதாவது கார்ன்ஃப்ளாரை, எடுத்து நீட்டிவிடுவார்கள். இரண்டும் வேறு. முழுச் சோளமாக வாங்கி அரைத்துக்கொள்வது நல்லது.

கேழ்வரகை நான் கேக்குக்கு மட்டும் வைத்துக்கொள்கிறேன். கோகோவோடும் கருப்பட்டியோடும் அது சேர்கிற மாதிரி வேறு எதுவும் சேராது, 100 கிராமில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியமும் இருக்கிறது. சத்தை உறிஞ்ச முடியாமல் கிடந்த குடலோடு வளர்ந்த குழந்தைக்கு அது சின்ன விஷயமில்லை. ஆனால் பிரெட்டில் கால் பங்குக்கு மேல் போனால் செங்கல்தான். கம்பு நல்ல தானியம், கூழுக்கும் தோசைக்கும் போடுங்கள். கொழுப்பு அதிகம் என்பதால் அரைத்த மாவு சீக்கிரம் சிக்கு வாடை அடித்துக் கசந்துவிடும், பேக்கிங்குக்கு வேண்டாம். தினை, சாமை, வரகு எல்லாம் அரிசி மாவின் இடத்தில் பாதி போடலாம், பெரிய வித்தியாசம் தெரியாது. கடலை மாவு நான்கட்டாய்க்கு அருமை, பிரெட்டில் பச்சை வாடை போகவே போகாது.

மென்மைக்கு மரவள்ளி ஸ்டார்ச். சேலத்துப் பக்கம் ஜவ்வரிசி ஆகிறதே, அதே கிழங்கின் மாவுதான். இது இல்லாமல் சுட்ட பிரெட் உதிரும், கூடிப்போனால் சவ்வு மாதிரி இழுபடும். மொத்த மாவில் கால் பங்கு போதும். உருளைக்கிழங்கு ஸ்டார்ச் இன்னும் கொஞ்சம் இலேசான பிரெட் தரும். மரவள்ளி நம் பக்கத்துச் சரக்கு, எளிதில் கிடைக்கும், எனக்கு அதுவே போதும்.

சம்பா கோதுமையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். "அது பழைய ரகம், ஒண்ணும் செய்யாது" என்று என் சித்தி பாசத்தோடு கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்தார். பழைய ரகமானாலும் அது கோதுமைதான், குளூட்டன் உண்டு. சீரகச் சம்பா அரிசி, அது ஆகும். சம்பா கோதுமையும் சம்பா ரவையும் ஆகாது. பெயர் ஒன்றாக இருப்பதால் எத்தனை வீட்டில் ஏமாந்திருப்பார்களோ.

பிசின்: இசப்கோலா, சாந்தன் கம்மா, உளுந்தா?

எனக்கு மனசு நிறைந்து பேச இருப்பது இதைப் பற்றித்தான். குளூட்டன் செய்த வேலையை வேறு யாராவது செய்ய வேண்டுமே. போட்டியில் மூன்று பேர்.

சாந்தன் கம் வெள்ளைத் தூள். முட்டைகோஸில் கருப்பு அழுகலை உண்டாக்கும் ஒரு பாக்டீரியாவை வளர்த்து, அது சுரக்கும் பசையைக் காயவைத்து எடுப்பது. கேக்குக்கு 1 கப் மாவுக்குக் கால் தேக்கரண்டி போதும், துண்டு போடும்போது உதிராமல் பிடித்துக்கொள்ளும். கை கொஞ்சம் தாராளமாகிவிட்டால் வெண்டைக்காய்போல வழவழத்துவிடும். பிரெட்டில் இதை மட்டும் நம்பிச் செய்தபோது ஒவ்வொரு முறையும் ஈரமான, பாரமான ஒரு கட்டிதான் கிடைத்தது. கூழ் மாதிரி மாவை டின்னில் ஊற்ற வேண்டும், கையால் உருட்டி வடிவம் தரவே முடியாது.

இசப்கோல் மருந்துக்கடைச் சரக்கு. மலச்சிக்கலுக்கு வெந்நீரில் கலந்து குடிக்கிறோமே, அதே உமி. பெரும்பாலும் குஜராத்திலும் ராஜஸ்தானிலும் விளைந்து வருகிறது. ஆரஞ்சு வாசனையும் சர்க்கரையும் சேர்த்த பாக்கெட் வேண்டாம், வெறும் உமியாகப் பார்த்து வாங்குங்கள். 20 கிராம் உமியை 420 மில்லி வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டுப் பத்து நிமிடம் விட்டால் நுங்கு மாதிரி உறைந்துவிடும். அந்தக் களியில் மாவைப் போட்டுப் பிசைந்தபோது, நான்கு வருடத்தில் முதல் தடவையாக, கையில் மாவு இழுத்துக்கொடுத்தது. பன் உருட்டினேன். பின்னல் போட்டேன். மகள் பக்கத்தில் நின்று, "அம்மா, இது நிஜ பிரெட் மாவு மாதிரியே இருக்கு" என்றாள். குறை உண்டு: சில பாக்கெட்டில் சுட்ட பிரெட் லேசான ஊதா நிறமாகிவிடும். ருசிக்கு ஒன்றும் கேடில்லை, ஆனால் குழந்தைகளுக்கு நிறம் முக்கியம். வேறு பாக்கெட் மாற்றிப் பாருங்கள்.

மூன்றாவது நம் உளுந்து. இட்லி ஏன் உப்புகிறது? அரிசியிலும் குளூட்டன் இல்லை, உளுந்திலும் இல்லை. உளுந்தை ஆட்டும்போது வரும் அந்த வழவழப்பு காற்றைப் பிடித்துக்கொள்கிறது, லூக்கோனோஸ்டாக் என்ற பாக்டீரியா இரவெல்லாம் வாயுவை விட்டுக்கொண்டிருக்கிறது. இன்று புதுமை என்று பேசப்படும் குளூட்டன் இல்லாத நொதித்தலை நம் வீட்டு ஆட்டுக்கல் எப்போதோ செய்துவிட்டது. இதை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே பெருமையாக இருக்கும். அந்தப் பெருமையில் உளுந்து மாவில் பிரெட் சுட்டுப் பார்த்தேன், ஐந்தாறு முறை. ஆவியில் வெந்தால் பூப்போல வருகிறது, ஓவனின் காய்ந்த சூட்டில் மேலே ஓடு கட்டி உள்ளே இட்லி வாசனை அடிக்கிறது. ஓவன் இல்லாத வீட்டில், இட்லிப் பானையில் வைக்கும் கேக்குக்கு இரண்டு கரண்டி உளுந்து மாவு அடித்துச் சேர்ப்பது நல்ல யோசனை. அதற்கு மேல் அதை இழுக்க வேண்டாம்.

ஆக என் அலமாரியில் பிரெட், பன், சப்பாத்திக்கு இசப்கோல், கேக், பிஸ்கட்டுக்குத் துளி சாந்தன். முட்டை சேர்க்கிற கேக்குக்கு அதுவும் பல சமயம் வேண்டியதில்லை. மைதாவில் கேக் செய்யும்போதே "ரொம்ப அடிக்காதே, இழுபட்டுவிடும்" என்கிறார்கள் இல்லையா? குளூட்டன் அங்கே வேண்டாத விருந்தாளி. அதனால் புதிதாகத் தொடங்குகிறவர்கள் கேக்கில் தொடங்குங்கள், முதல் முயற்சியே நன்றாக வரும். பிரெட்டில் தொடங்கினால் மனசு விட்டுப்போகும்.

சப்பாத்திக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. கொழுக்கட்டை மேல்மாவு கிளறுகிற மாதிரி, கொதிக்கும் தண்ணீரைச் சோள மாவில் ஊற்றிப் பிசைவது. சூட்டில் மாவுச்சத்து வெந்து பசையாகி, பிசினே இல்லாமல் பிடித்துக்கொள்ளும். வட கர்நாடகத்தில் தினமும் தட்டுகிற சோள ரொட்டி அப்படித்தான். சுட்டதும் சாப்பிட்டால் அமிர்தம். டிபன் டப்பாவில் மதியம் வரை வைத்தால் அப்பளம். டப்பாவுக்கு இசப்கோல் சப்பாத்தி, வீட்டில் சுடச்சுட என்றால் வெந்நீர் ரொட்டி.

கடைக் கலவையா, வீட்டு மாவா, மில்லா?

"குளூட்டன் இல்லாதது" என்று அச்சிட்டு விற்க வேண்டுமானால் 1 கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது என்பது நம் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. ஒரு சிட்டிகை மைதா அதைத் தாண்டிவிடும். இந்த ஒரு காரணத்துக்காகவே முதல் ஆறு மாதம் விலை பல மடங்கானாலும் அச்சிட்ட பாக்கெட்டையே வாங்கினேன். குடல் ஆறும்வரை அந்த நிம்மதி தேவை. ஆனால் நான் வாங்கிய கலவைகளில் பாதிக்கு மேல் வெறும் ஸ்டார்ச்தான். வெள்ளை வெளேரென்று பிரெட் வரும், நார் கிடையாது, குழந்தைக்கு ஒரு மணி நேரத்தில் பசிக்கும்.

மலிவாக மில்லில் அரைத்தால் என்ன? எங்கள் தெரு மில்லில் கேட்டேன்.

"அண்ணே, அரிசிக்குன்னு தனி மெஷின் இருக்குங்களா?"

"கோதுமைக்கும் அரிசிக்கும் ஒரே மெஷின்தாம்மா. வேணும்னா முதல்ல ரெண்டு கை அரிசி ஓட்டிட்டு அப்புறம் உங்களுதப் போடுறேன்."

நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனால் இரண்டு கை அரிசியில் அந்தக் கல்லிலும் பைத்துணியிலும் ஒட்டியிருக்கும் கோதுமை மாவு போகாது. மற்றவர்களுக்கு மில் போதும், சீலியாக் உள்ள வீட்டுக்கு ஆகாது. தானியத்தைப் புடைத்து, கழுவி, காயவைத்து மிக்ஸியில் அரைப்பது, அல்லது பணம் இருந்தால் வீட்டுக்கு ஒரு சின்ன மாவரைக்கும் மெஷின். நான் இரண்டு வருடம் கழித்து வாங்கினேன், அன்றே வாங்கியிருக்கலாம். கோதுமை படாத தனிச் சல்லடை, தனிப் பூரிக்கட்டை, தனி டோஸ்டர் கட்டாயம் வேண்டும். மரக் கட்டையின் வெடிப்புக்குள் போன மாவைக் கழுவி எடுக்க முடியாது.

இத்தனை செய்தும் முதல் மூன்று மாதம் மகளுக்கு வயிற்றுவலி நிற்கவில்லை. பிரெட்டைச் சந்தேகப்பட்டேன், பாலைச் சந்தேகப்பட்டேன். கடைசியில் அது பெருங்காயம். பிசினை அப்படியே விற்பது குறைவு, பெரும்பாலும் மாவு சேர்த்துக் கூட்டுப் பெருங்காயமாகத்தான் விற்கிறார்கள். டப்பாவின் பின்னால் சின்ன எழுத்தில் கோதுமை மாவு என்று இருந்தது. தூளிலும் இருக்கும், கட்டியிலும் இருக்கும். சாம்பார், ரசம், ஊறுகாய், முறுக்கு என்று தினமும் போட்டுக்கொண்டிருந்தேன், குற்ற உணர்ச்சியில் அன்று தூங்கவில்லை. அரிசி மாவு சேர்த்ததும் உண்டு, தேடி வாங்குங்கள். இல்லையென்றால் மாவு கலக்காத பால் பெருங்காயம் துளியளவு. அதுவும் கிடைக்காத மாதம் பூண்டு போதும்.

ஓட்டலில் தோசை சாப்பிடலாமே என்பார்கள். அதே கல்லில்தான் ரவா தோசையும் வார்க்கிறார்கள், சாம்பாரில் எந்தப் பெருங்காயம் என்று யாருக்கும் தெரியாது. வெளியூர் போனால் நாங்கள் வீட்டு பிரெட்டைக் கட்டிக்கொண்டு போகிறோம்.

அந்த பிரெட்டின் அளவு: உலர்த்திய அரிசி மாவு 200 கிராம், வெள்ளைச் சோள மாவு 100, மரவள்ளி ஸ்டார்ச் 100, மேலே சொன்ன இசப்கோல் களி, ஈஸ்ட் 7 கிராம், சர்க்கரை 20, உப்பு 8, எண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி, வினிகர் 1 தேக்கரண்டி. கப்பில் அளக்காதீர்கள், தராசு வேண்டும். ஒரே தடவைதான் உப்ப வேண்டும், அதுவும் ஒன்றரை மடங்கு வந்ததும் ஓவனில் வைத்துவிடுங்கள். இரண்டு மடங்கு வரட்டும் என்று காத்திருந்தால் உள்ளே போனதும் அமுங்கிவிடும். 200 டிகிரியில் 55 நிமிடம் முதல் ஒரு மணி நேரம். வெளியே எடுத்ததும் வாசனைக்கு ஆசைப்பட்டு அறுக்க வேண்டாம், முழுக்க ஆறும்வரை உள்ளே பிசுபிசுவென்றுதான் இருக்கும். அரிசி மாவு ஆற ஆற இறுகுகிற ஜாதி என்பதால் மறுநாளே காய்ந்துவிடும். அன்று மாலையே மொத்தத்தையும் துண்டு போட்டு, இடையிடையே பட்டர் பேப்பர் வைத்து ஃப்ரீசரில் அடுக்கிவிடுவேன். காலையில் ஆறரை மணிக்கு இரண்டு துண்டு நேராக டோஸ்டருக்குப் போகும், ஏழே காலுக்குத் தக்காளியும் வெள்ளரிக்காயும் வைத்து மகளின் டப்பாவுக்கு.