போர்ஷேயா, ஹென்ஷலா? டைகர் டாங்கிக்கு நடந்த போட்டி

1942 ஏப்ரல் 20, ஹிட்லரின் பிறந்தநாள். ராஸ்டன்பர்க்கில் இருந்த அவருடைய போர்த் தலைமையகத்தில் இரண்டு கனரக டாங்கிகள் அவர் பார்வைக்கு வந்தன. ஒன்று ஃபெர்டினாண்ட் போர்ஷே வடிவமைத்தது, இன்னொன்று காசல் நகரத்து ஹென்ஷல் நிறுவனத்துடையது. இருவருக்கும் நிபந்தனை ஒன்றுதான்: 88 மி.மீ. பீரங்கி, முன்பக்கம் 100 மி.மீ. கவசம்.

போர்ஷே மேதாவித்தனம் காட்டித் தோற்றார், ஹென்ஷல் எளிமையாகச் செய்து ஜெயித்தது என்று பொதுவாகச் சொல்வார்கள். பாதிதான் சரி.

இத்தனை கனமான டாங்கிக்கு கியர்பாக்ஸ் செய்வதே பெரிய தலைவலி. போர்ஷே அதைத் தூக்கியே எறிந்தார். எஞ்சின் ஜெனரேட்டரைச் சுழற்றும், அந்த மின்சாரத்தில் மோட்டார்கள் ஓடிச் சங்கிலிப் பட்டைகளை இழுக்கும். கிளட்சும் இல்லை, கியர் மாற்றும் வேலையும் இல்லை. 1900 வாக்கிலேயே பெட்ரோலும் மின்சாரமும் கலந்த கார்களைச் செய்து பார்த்த மனிதர் அவர், அதனால் இது திடீர்க் கிறுக்கு அல்ல. சிக்கல் எஞ்சினில்தான் இருந்தது. காற்றால் குளிரும் வி10 (பத்து சிலிண்டர்) எஞ்சின்கள் இரண்டு, ஒவ்வொன்றும் 300 குதிரைத்திறனுக்குச் சற்று மேல். அவை நம்பும்படி ஓடவே இல்லை. போதாததற்கு, மோட்டாருக்கும் ஜெனரேட்டருக்கும் ஏகப்பட்ட செம்பு வேண்டும். போர்க்கால ஜெர்மனியில் அதற்கு எங்கே போவது?

ஹென்ஷல் டாங்கியில் மேபாக் நிறுவனத்தின் எச்எல்210 எஞ்சின் ஒன்றே, 650 குதிரைத்திறன். முன்னோக்கி எட்டு கியர்கள், நெம்புகோலுக்குப் பதில் ஸ்டியரிங் வீல். ஓட்டுநருக்கு சுகம்தான். ஆனால் இதை எளிமை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சக்கரங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கும். உள்ளே ஒன்றைக் கழற்ற வெளியே உள்ளவற்றையும் கழற்ற வேண்டும். ரஷ்யக் குளிரில் இடுக்குகளில் சேறு உறைந்தால் வண்டி நகராது. ரயிலில் ஏற்ற வேண்டுமா? அகலம் அதிகம் என்பதால் 725 மி.மீ. பட்டையைக் கழற்றி 520 மி.மீ. பட்டையை மாட்ட வேண்டும், வெளிச் சக்கரங்களையும் எடுக்க வேண்டும். இந்த விஷயத்தில் போர்ஷே கை ஓங்கியது: பக்கத்துக்கு மூன்று ஜோடிச் சக்கரங்கள், முறுக்கிக்கொண்டு அதிர்வைத் தாங்கும் டார்ஷன் பார் தண்டுகள் கவசத்துக்கு வெளியிலேயே.

இன்னொரு வேடிக்கை, க்ருப் நிறுவனம் போர்ஷேவுக்காக வடிவமைத்த சுழல் கோபுரமே கடைசியில் ஹென்ஷல் வண்டியின் தலையில் உட்கார்ந்தது.

அன்றைய நிலையில் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நானும் ஹென்ஷலைத்தான் எடுத்திருப்பேன். காரணம் எளிமை அல்ல, அதன் எஞ்சின் ஓடியது. 1942 ஆகஸ்டில் உற்பத்தி தொடங்கி, மொத்தம் 1,300-க்கும் மேற்பட்ட டைகர்கள் வெளிவந்தன.

ஹிட்லருக்கு போர்ஷே மேல் இருந்த மதிப்பு, முடிவு வருமுன்பே அவருடைய டாங்கியைத் தயாரிக்க வைத்துவிட்டது. மிஞ்சிப்போன உடற்கூடுகளை என்ன செய்வது? ஆஸ்திரியாவின் நிபெலுங்கன் ஆலையில் சுமார் 90 கூடுகள் டாங்கி வேட்டை வண்டிகளாயின. பெயரும் ஃபெர்டினாண்ட். வி10-களுக்குப் பதிலாக இரண்டு மேபாக் எச்எல்120 எஞ்சின்கள் வந்தன, மின்சார இயக்கம் மட்டும் அப்படியே இருந்தது. 1943 ஜூலையில் ரஷ்யாவின் குர்ஸ்க் களத்துக்குப் போனபோது முன்பக்கக் கவசம் 200 மி.மீ., எடை 65 டன், ஆனால் நெருங்கி வரும் காலாட்படையைச் சுட எந்திரத் துப்பாக்கி பொருத்தவில்லை. கண்ணிவெடியில் பட்டை அறுந்து நின்றவற்றை இழுத்து வருவதே பெரும்பாடானதால், பலவற்றை அங்கேயே விட்டுவர வேண்டியதாயிற்று.