9 எம்.எம்.மா, .45-ஆ? ஐந்து ஆண்டுக் கணக்கு

என் பயிற்சிக் குறிப்பேட்டில் இன்றைய நிலவரம் இது: இதுவரை சுட்ட 9 எம்.எம். தோட்டாக்கள் 14,350; .45 ஏ.சி.பி. (சுருக்கமாக .45) தோட்டாக்கள் 3,900. ஐந்து ஆண்டுகளுக்கு முன் புதுக் கைத்துப்பாக்கி வாங்கப் போனபோது, ஒரே மாதிரி இரண்டு அளவுகளிலும் கிடைத்தது: ஒன்றில் குண்டின் குறுக்களவு சுமார் 9 மில்லிமீட்டர், மற்றதில் சுமார் .45 அங்குலம், அதாவது 11.4 மில்லிமீட்டர். நான் 9 எம்.எம். எடுத்தேன். என்னோடு வந்த நண்பர் .45 எடுத்தார். அன்று தொடங்கிய வாக்குவாதம் இன்னும் முடியவில்லை. நல்லவேளையாக, வாரம் ஒருமுறை இருவரும் துப்பாக்கிகளை மாற்றிக்கொண்டு சுடுவதால் இரண்டைப் பற்றியும் எழுத எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு.

போன மாதம் சுடுதளத்துக்குப் புதிதாக வந்த தம்பி ஒருவர் கேட்டார்: "அண்ணா, இரண்டில் எதற்குச் சக்தி அதிகம்?" எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி இதுதான். நானும் இதைத்தான் கேட்டேன், அதற்காகவே ஓர் இரவு முழுக்கக் காகிதத்தில் கணக்குப் போட்டேன்.

9 எம்.எம்.மில் பரவலாகச் சுடப்படும் குண்டு 115 கிரெய்ன், அதாவது ஏறக்குறைய ஏழரை கிராம். குழலை விட்டு வெளியேறும்போது அதன் வேகம் நொடிக்குச் சுமார் 350 மீட்டர். .45-இன் வழக்கமான குண்டு 230 கிரெய்ன். எடையில் சரியாக இரட்டிப்பு, வேகம் 255 மீட்டர் அளவில்தான். இயக்க ஆற்றலைக் கணக்கிட்டால் முதலாவதற்கு 450 ஜூல் சொச்சம், இரண்டாவதற்கு 480 ஜூல் சொச்சம். இதற்காகவா இத்தனை சண்டை என்று தோன்றியது. ஆனால் எடையையும் வேகத்தையும் பெருக்கி உந்தத்தைப் பார்த்தால் கதை மாறுகிறது. .45-இன் உந்தம் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. இலக்கில் என்ன நடக்கிறது என்பது ஒருபுறம் இருக்கட்டும். அந்த ஒன்றரை மடங்கை ஒவ்வொரு முறையும் வாங்கிக்கொள்வது சுடுகிறவரின் மணிக்கட்டு. கடைசியில் என் முடிவைத் தீர்மானித்ததும் இந்த எண்தான். ஆனால் அது எனக்குப் புரிய ஓராண்டுக்கு மேல் ஆனது.

காரணம், .45-ஐ நான் முதலில் பழகியது 1911 என்ற பழைய ராணுவ வகை எஃகுத் துப்பாக்கியில். காலியாகவே ஒரு கிலோவுக்கு மேல் இருக்கும் பாரம். அதில் சுட்டால் உதை என்று சொல்ல மாட்டேன். யாரோ உள்ளங்கையில் கை வைத்து மெதுவாகத் தள்ளியதுபோல் இருக்கும். அந்த நினைப்போடு நண்பரின் பிளாஸ்டிக் உடல் .45-ஐ எடுத்துச் சுட்டேன். முதல் தோட்டாவிலேயே துப்பாக்கியின் முகவாய், அதாவது குழலின் முனை, வானம் பார்த்தது. அதே தோட்டா, அதே கை, துப்பாக்கிதான் இலேசு. '9 எம்.எம். சுள்ளென்று அடிக்கும், .45 மெத்தென்று தள்ளும்' என்று சுடுதளங்களில் ஒரு பேச்சு உண்டு. அதைச் சொல்கிறவர்களில் பாதிப் பேர் கனமான எஃகு .45-ஐயும் இலேசான பிளாஸ்டிக் 9 எம்.எம்.மையும் வைத்து ஒப்பிடுகிறார்கள். ஒரே உடல், ஒரே எடை என்று வைத்துப் பாருங்கள், அந்தப் பேச்சு அவ்வளவாக நிற்பதில்லை.

இனி கொஞ்சம் வெட்கக்கேடான விஷயம். முதல் ஆண்டு முழுக்க, 25 மீட்டரில் என் குண்டுகள் மையத்துக்குக் கீழே இடப்பக்கமாக விழுந்துகொண்டே இருந்தன. பார்வைக் குறியைத் திருகினேன், பிடியை மாற்றினேன், தோட்டாவைக் குறை சொன்னேன். ஒருநாள் பயிற்சியாளர் என் கையிலிருந்த துப்பாக்கியின் மேகசினை (தோட்டா அடுக்கும் பெட்டியை) வாங்கித் திரும்பி நின்று நிரப்பிக் கொடுத்தார். மூன்று தோட்டா சுட்டேன். நான்காவதற்கு விசையை இழுத்தேன், 'க்ளிக்' என்று ஒரு சத்தம் மட்டும். இடையில் ஒரு போலித் தோட்டாவை வைத்திருக்கிறார். வெடிக்காத அந்தத் துப்பாக்கியின் முகவாய் என் கண் முன்னாலேயே இரண்டு அங்குலம் கீழே குனிந்தது. வராத உதைக்கு என் கை முன்கூட்டியே முட்டுக்கொடுத்திருக்கிறது.

"குறி சரியாகத்தான் இருக்கிறது சார், நீங்கள்தான் வெடிப்பதற்கு முன்னாலேயே பயந்துகொள்கிறீர்கள்" என்றார். அன்று என் கையில் இருந்தது நண்பரின் .45. என் துப்பாக்கியில் அதே சோதனையைச் செய்தபோதும் குனிந்தது, ஆனால் பாதி அளவுதான். அடுத்த நான்கு மாதம் 9 எம்.எம். மட்டுமே சுட்டேன், மேகசினுக்கு ஒன்றாகப் போலித் தோட்டா கலந்து. குனிவு போனது. பிறகு .45-க்குத் திரும்பியபோது அதிலும் பெரும்பாலும் போயிருந்தது. எதிர்த்திசையில், அதாவது .45-இல் பழகி 9 எம்.எம்.முக்கு வந்து இதைச் சரிசெய்தவர்களை நான் பார்த்ததில்லை. இருக்கலாம், நான் பார்த்ததில்லை.

கை அளவைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. 9 எம்.எம். முழுத் தோட்டாவின் நீளம் அதிகபட்சம் 29.7 மில்லிமீட்டர்; .45-இன் நீளம் 32.4. மூன்று மில்லிமீட்டர்கூட வித்தியாசம் இல்லை. ஆனால் மேகசின் உட்கார்வது பிடிக்குள். ஆக, பிடி முன்பின்னாக அவ்வளவு தடிக்கிறது, விசையும் அவ்வளவு தள்ளிப்போகிறது. 9 எம்.எம்.மில் என் ஆள்காட்டி விரலின் நுனிச்சதை விசையின் நடுவில் உட்காரும். நண்பருடையதில் விரல் நுனி மட்டும் எட்டும், இழுக்கும்போது முகவாய் பக்கவாட்டில் நகரும். பெரிய கைக்காரரான அவருக்கு நேர்மாறு: என் துப்பாக்கியைப் பிடித்தால் விரல் முதல் மூட்டு வரை உள்ளே போய்விடுகிறது. கடையில் நின்றுகொண்டு குழல் விட்டத்தைப் பற்றி வாதாடியதற்கு, விற்பனையாளரின் அனுமதியோடு காலித் துப்பாக்கியைக் கண்மூடிப் பிடித்து விரல் எங்கே விழுகிறது என்று பார்த்திருக்கலாம்.

வாக்குவாதத்துக்கு வயது நூறு தாண்டிவிட்டது. 9 எம்.எம். தோட்டாவை கியோர்க் லூகர் வடிவமைத்தது 1902-இல். .45 ஏ.சி.பி. அதற்கு இரண்டு மூன்று ஆண்டுகள் பிந்தி ஜான் பிரௌனிங் கையால் வந்தது. பிலிப்பைன்ஸில் .38 ரிவால்வர்கள் போதவில்லை என்ற அமெரிக்க ராணுவத்தின் புகார்தான் அதற்கு வித்து. 1911-இல் ஏற்கப்பட்ட அந்த .45 கைத்துப்பாக்கியை 1985-இல் அதே ராணுவம் 9 எம்.எம். பெரெட்டாவுக்காகக் கைவிட்டது. 1986-இல் மயாமியில் நடந்த துப்பாக்கிச் சண்டையில் இரண்டு அதிகாரிகளை இழந்த எஃப்.பி.ஐ., 9 எம்.எம்.மைக் குறைசொல்லி வேறு தோட்டாக்களுக்குப் போனது, 10 எம்.எம்., பிறகு .40 என்று. கால் நூற்றாண்டு சுற்றிவிட்டு மறுபடி 9 எம்.எம்.முக்கே திரும்பியது. குண்டு வடிவமைப்பு முன்னேறியதால் பெரிய தோட்டாக்களின் அனுகூலம் தேய்ந்துவிட்டது என்பதும், ஆட்கள் 9 எம்.எம்.மில் வேகமாகவும் துல்லியமாகவும் சுடுகிறார்கள் என்பதும் அவர்கள் சொன்ன காரணங்கள். அந்த இரண்டாவது காரணத்தைப் படித்தபோது எனக்குப் போலித் தோட்டாதான் நினைவுக்கு வந்தது.

என்னைப்போல் விளையாட்டுக்காகச் சுடுகிறவர்களுக்கு, விருப்பத்துக்கு முன் விதிமுறை வருகிறது. உலகத் துப்பாக்கி சுடும் கூட்டமைப்பின் 25 மீட்டர் சென்டர்ஃபயர் போட்டியில் 7.62 முதல் 9.65 மில்லிமீட்டர் வரைதான் அனுமதி. 9 எம்.எம். உள்ளே வரும், .45 வாசலிலேயே நிற்கும். நகர்ந்துகொண்டே வேகமாகச் சுடும் ஐ.பி.எஸ்.சி. போட்டிகளில் குண்டின் எடையைக் கிரெய்னிலும் வேகத்தை நொடிக்கு அடியிலும் பெருக்கி, ஆயிரத்தால் வகுத்து ஒரு எண் எடுப்பார்கள். 125 எட்டினால் மைனர், அதாவது இலேசான வகுப்பு. ஸ்டாண்டர்ட் பிரிவில் 170 எட்டினால் மேஜர், அதாவது கனமான வகுப்பு; அதற்குக் குண்டு குறைந்தது 10 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். மேஜர்காரர் மையத்துக்கு வெளியே அடுத்த வட்டாரத்தில் சுட்டால் நான்கு புள்ளி, மைனர்காரருக்கு மூன்று. உதையைத் தாங்கியதற்குக் கூலி! ஆனால் புரொடக்‌ஷன் பிரிவில் எல்லோருக்கும் மைனர் கணக்குதான். அங்கே .45 கொண்டுவருகிறவர் கூலியில்லாமல் மூட்டை சுமக்கிறார். நான் அந்தப் பிரிவில்தான் சுடுகிறேன். பத்து மீட்டரில் ஒரே இலக்கில் அடுத்தடுத்துச் சுடும்போது, இரண்டு தோட்டாக்களுக்கு நடுவே எனக்கு ஆகும் நேரம் 9 எம்.எம்.மில் 0.24 நொடி, .45-இல் 0.33. மேகசினிலும் .45 குறைவாகவே கொள்ளும்.

.45-க்கு நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். காகித இலக்கில் அது போடும் ஓட்டை சுமார் இரண்டரை மில்லிமீட்டர் அகலம் கூடியது. நிதானமாகச் சுடும் போட்டிகளில் கோட்டைத் தொட்டாலே உயர்ந்த புள்ளி. ஆக ஒவ்வொரு பக்கமும் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் இலவசம். சத்தமும் எனக்கு அதுதான் பிடிக்கும். 115 கிரெய்ன் 9 எம்.எம். ஒலியின் வேகத்தைத் தாண்டுவதால் சாட்டை சொடுக்கியதுபோல் காதுக்குள் இறங்குகிறது. மூடிய தளத்தில் செவிக்காப்புக்குள் பஞ்சும் சேர்த்து அடைத்துக்கொள்கிறேன். .45 வெறும் 'டும்'.

தோட்டாச் செலவு எங்கே போனாலும் .45-க்குத்தான் அதிகம், ஈயமும் பித்தளையும் கூடும்போது அப்படித்தானே ஆகும். ஐம்பது தோட்டா கொண்ட 9 எம்.எம். பெட்டி அறுநூறு கிராம் இருக்கும், .45 பெட்டி ஒரு கிலோவைத் தொடும். ஆறு பெட்டியோடு படியேறிப் பாருங்கள். சுட்ட பித்தளைக் கூடுகளில் மறுபடி வெடிமருந்து நிரப்புகிறவர்களுக்கு .45 நல்ல கூட்டாளி. வெடிக்கும்போது அதன் அழுத்தம் 21,000 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) அளவில்தான், 9 எம்.எம்.மில் அது 35,000. அதனால் கூடு நீண்ட நாள் உழைக்கிறது. அகலமான கூடு என்பதால் மருந்து விழுந்திருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பதும் எளிது, எட்டிப் பார்த்தால்! ஒரு மழைநாள் நண்பர் பேசிக்கொண்டே நிரப்பியதில் ஒன்றில் மருந்தே விழவில்லை. சுட்டபோது நமத்த பட்டாசுபோல் 'புஸ்' என்றது. அடுத்ததைச் சுடுவதற்குள் நான் அவர் தோளைப் பிடித்து நிறுத்தினேன். பிரித்துப் பார்த்தால், குண்டு குழலின் நடுவில் சிக்கி நிற்கிறது. அதன் பின்னால் இன்னொன்று போயிருந்தால் குழல் பிளந்திருக்கும். சத்தம் வித்தியாசமாக இருந்தால் நிறுத்திவிடுங்கள், எந்த அளவானாலும்.

பராமரிப்பில் சொல்ல அதிகம் இல்லை. இரண்டிலும் கையேடு சொன்ன கெடுவில் ஸ்பிரிங் மாற்றினோம், இரண்டும் ஓடுகின்றன. என்னுடையதில் கூட்டை வெளியே தள்ளும் எஜெக்டர் பக்கம் ஒருமுறை கூடு சிக்கியது, களைத்துப்போய் மணிக்கட்டைத் தளரவிட்டது என் தப்பு.

அந்தத் தம்பிக்கு நான் பதில் சொல்லவில்லை. இரண்டையும் கையில் கொடுத்து, இடையில் போலித் தோட்டா கலந்து, இருபது இருபது சுடச் சொன்னேன். என்ன ஆச்சரியம், .45-இல் அவர் பிடித்த துப்பாக்கியின் முகவாய் அசையவே இல்லை. நீண்ட விரல்கள், மலைபோல் மணிக்கட்டு. நிதானமாக ஒற்றைக் கையில் 25 மீட்டர் சுடுவதுதான் தனக்கு ஆசை என்றார். அவர் சேர நினைப்பது நான் மேலே சொன்னவை அல்லாத வேறொரு போட்டி, அதில் .45-க்குத் தனிச் சுற்றே உண்டு. வாங்கட்டும் என்று விட்டுவிட்டேன். என் நண்பருக்கு அன்று முழுக்க முகத்தில் சிரிப்பு.

ஒரே ஒரு நிபந்தனை மட்டும் வைத்தேன்: கூடு பொறுக்கத் தனிப் பை கொண்டுவர வேண்டும். 9 எம்.எம். கூடு .45 கூட்டுக்குள் கச்சிதமாகப் போய் ஒளிந்துகொள்ளும். கழுவும் எந்திரத்தில் போட்டால் அப்படியே ஒட்டிக்கொண்டு வரும். நேற்றுகூட இடுக்கியை வைத்து முப்பத்தேழு ஜோடியைப் பிரித்தேன்.