பத்து ஃபெரிங்கியா, பாடாங் கோத்தாவா, பாலிக் பூலாவா?

பள்ளி விடுமுறை தொடங்கினால் போதும். கோலாலம்பூரிலிருந்து சித்தப்பா வீட்டுக் கார், ஈப்போவிலிருந்து அத்தை வீட்டுக் கார், இரண்டும் பாலம் தாண்டி எங்கள் வாசலில் வந்து நிற்கும். பை இறங்கும் முன்பே கேள்வி இறங்கிவிடும்: "எந்தப் பக்கம் கடலுக்குப் போறோம்?"

பினாங்கு தீவு. எந்தப் பக்கம் போனாலும் கடல்தான். ஆனால் வடக்கே பத்து ஃபெரிங்கி, கிழக்கே ஜார்ஜ்டவுன் கடலோரமான பாடாங் கோத்தா, மேற்கே பாலிக் பூலாவ் என்று மூன்றும் மூன்று ஊர் மாதிரி. சித்தப்பா வீட்டுப் பிள்ளைகளுக்கு ஃபெரிங்கி. அத்தைக்கு டவுன். நான் மேற்குக் கட்சி. அந்தக் கட்சியில் பல வருடமாக நான் ஒருவன்தான்.

தண்ணீரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அடி தெரியும் நீலக் கடல் வேண்டுமென்றால் கிழக்குக் கரையில் இருக்கும் பெர்ஹெந்தியான் தீவுகள் பக்கம் போங்கள். இங்கே இருப்பது மலாக்கா நீரிணை. ஆழம் குறைவு, ஆறுகள் கொண்டுவந்து கொட்டும் சேறு அதிகம். நல்ல நாளில் மங்கலான பச்சை, மழை பெய்த மறுநாள் தே தாரேக், அதாவது ஆற்றிய பால் தேநீர், நிறம். அதனால் மூன்று கரைகளையும் தண்ணீரை வைத்து ஒப்பிட்டுப் பயனில்லை. கரையில் என்ன இருக்கிறது என்று பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும்.

மணல் என்று பார்த்தால் ஃபெரிங்கிக்குத்தான் வெற்றி, அதில் வாதமே இல்லை. நீளமான கரை, கால் புதையும் மணல், பாராசூட்டில் பறக்கலாம், வாழைப்பழப் படகில் கவிழலாம், குதிரைகூட இருக்கிறது. முதலில் சொல்லும் விலைக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். பத்தடி நடந்தால் அடுத்த ஆள் குறைத்துச் சொல்வார். கரை முழுக்க ஓட்டல்களாக இருப்பதால் உள்ளே விடமாட்டார்களோ என்று தயங்குபவர்கள் உண்டு. கடற்கரை பொதுதான், நடுநடுவே வழி இருக்கிறது.

ஆனால் குளிக்க இறங்குவதற்கு முன் சொறிமீனை நினைத்துக்கொள்ளுங்கள். போன வருடம் சித்தப்பாவின் பேரனுக்குக் கணுக்காலைச் சுற்றிச் சாட்டையால் அடித்த மாதிரி சிவந்துவிட்டது. பக்கத்தில் கடை வைத்திருந்த மலாய்க்கார அம்மா வினிகர் பாட்டிலோடு ஓடி வந்தார். எத்தனை பிள்ளைகளுக்கு ஊற்றிப் பழகிய கையோ! அன்றைக்கு மீதி நேரமெல்லாம் ஓட்டல் நீச்சல்குளத்தில்தான் கழிந்தது. அதற்கு எதற்குக் கடல் என்று நான் கேட்கவில்லை, மனசுக்குள் கேட்டுக்கொண்டேன்.

சாப்பாட்டில் ஃபெரிங்கி சுமார். சுற்றுலாப் பயணிக்குச் சமைப்பதும் ஊர்க்காரனுக்குச் சமைப்பதும் ஒன்றாகாது; இங்கே பெரும்பாலும் முதல் ரகம், விலையும் அப்படியே. இரவில் சாலையோரம் விரியும் பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தை நடந்து பார்க்க நன்றாக இருக்கும். வாங்கத்தான் ஒன்றுமில்லை.

வடக்குக் கரையில் எனக்குப் பிடித்தது ஃபெரிங்கி தாண்டி, 101 பஸ் போய் நிற்கும் தெலுக் பஹாங். மீன்பிடிக் கிராமம். 2003-இல் அறிவிக்கப்பட்ட தேசியப் பூங்கா அங்கேதான் தொடங்குகிறது. காட்டுவழியே ஒன்றரை மணி நேரம் வியர்க்க வியர்க்க நடந்தால் பந்தாய் கெராச்சுட். அங்கே ஓர் ஏரி. மேலே நல்ல தண்ணீர், அடியில் கடல் தண்ணீர், இரண்டும் கலப்பதில்லை. பக்கத்திலேயே ஆமைப் பாதுகாப்பு மையம். அந்தக் கடலில் குளிக்கக் கூடாது, பார்க்கலாம். கால் வலிப்பவர்கள் படகில் போய் வரலாம். மாசி மகத்தன்று தெலுக் பஹாங் வேறு ஊராகிவிடும்: சிங்கமுக காளியம்மன் கோயில் திருவிழா, கடலில் தெப்பம், கரை முழுக்க நம் ஜனம். அந்த இரவை ஒருமுறை பார்த்தவர்களுக்கு ஃபெரிங்கியின் விளக்கு வெளிச்சம் எடுபடாது.

சரி, டவுன். பாடாங் கோத்தாவில் மணல் இல்லை. கல் சுவர், அதன் மேல் உட்கார்ந்து காற்று வாங்கும் குடும்பங்கள், பின்னால் கார்ன்வாலிஸ் கோட்டை. 1786-இல் ஃபிரான்சிஸ் லைட் வந்து இறங்கியது இந்த முனையில்தான். குளிக்க முடியாது, கால்கூட நனைக்க முடியாது. ஆனாலும் கூட்டம் குறைவதில்லை, காரணம் சாப்பாடு. கணவாய் சம்பலோடு பிரட்டிய நூடுல்ஸான மீ சோத்தோங், வெள்ளரியும் செங்குவாங் கிழங்கும் துருவிப்போட்டு இறால் வடையை வெட்டிச் சேர்த்து இனிப்புக்காரக் குழம்பை ஊற்றித்தரும் பசம்போர். இவை இரண்டும் தமிழ் முஸ்லிம்கள் இந்த ஊருக்குக் கொடுத்த சொத்து. நாசி கண்டாரும் அப்படித்தான். தோளில் கம்பு, ஒரு பக்கம் சோறு, மறுபக்கம் குழம்பு என்று துறைமுகத் தொழிலாளிகளுக்குத் தூக்கிக்கொண்டு போய் விற்றது. அந்தக் கம்புக்குத்தான் கண்டார் என்று பெயர். இப்போது கம்பு இல்லை, வரிசை இருக்கிறது. 1907-இலிருந்து நடக்கும் ஹமீதியாவில் நில்லுங்கள், அல்லது உங்களுக்குப் பிடித்த வேறு கடையில் நில்லுங்கள்; இதில் யாருக்கும் யோசனை சொல்லி நான் சண்டை வாங்கத் தயாரில்லை. "பஞ்சிர்" என்று மட்டும் சொல்ல மறக்காதீர்கள். எல்லாக் குழம்பும் ஒன்றாகக் கலந்து சோறு மூழ்கும்.

அத்தை டவுனைக் கேட்பதற்குச் சாப்பாடு மட்டும் காரணமில்லை. தாத்தா ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து வந்து இந்தக் கரையில்தான் இறங்கினார். அத்தை வெல்ட் கீ துறைப் பக்கம் வந்தால் கொஞ்ச நேரம் பேசாமல் நிற்பார். அப்புறம் இங்குள்ள நாகூர் தர்காவுக்குப் போய் ஊதுபத்தி வைப்பார், குயின் தெருவில் மாரியம்மனைப் பார்ப்பார், மார்க்கெட் தெருவில் முறுக்கு வாங்குவார். எல்லாமே நடக்கும் தூரம். வயதானவர்களோடு வந்தால் இதைவிடத் தோதான கடலோரம் தீவில் கிடையாது. வெயில் மட்டும் கொடுமை. காலை பத்துக்கு முன், இல்லையென்றால் ஐந்துக்குப் பின்.

சியூ ஜெட்டி இதே கரையில்தான். தண்ணீருக்கு மேல் கால் ஊன்றி நிற்கும் மரவீடுகள், ஒரே குலத்துச் சீனர்கள். 2008-இல் யுனெஸ்கோ ஜார்ஜ்டவுனைப் பட்டியலில் சேர்த்த பிறகு கூட்டம் தாங்கவில்லை. ஆட்கள் குடியிருக்கும் வீடுகள் அவை. ஜன்னல் வழியாகப் படம் எடுக்காதீர்கள். கடலில் போன திருப்தி வேண்டுமா, ஃபெரி ஏறிப் பட்டர்வொர்த் போய்த் திரும்புங்கள். பழைய பெரிய ஃபெரிகள் போய்விட்டன, இப்போது கார் ஏறாது. ஆனால் அலையும் காற்றும் அதேதான், பாராசூட் செலவில் சின்னப் பங்குகூட ஆகாது.

கெர்னி டிரைவ் என்ற கடலோரச் சாலையைக் கேட்பீர்கள். அங்கே கடலையே தள்ளி வைத்துவிட்டார்கள். தூர்த்த நிலத்தில் பூங்கா, அங்காடிகளில் கூட்டம். பசித்தால் போங்கள்.

இனி என் கட்சி. பாலிக் பூலாவ் என்றால் தீவின் முதுகுப்புறம் என்று பொருள். மலைத்தொடர் குறுக்கே நிற்பதால் டவுன்காரர்களே மாதக்கணக்கில் எட்டிப்பார்ப்பதில்லை. பஸ் உண்டு, ஆனால் கடலோரக் கிராமங்களைச் சுற்ற கார் வேண்டும், இல்லையென்றால் வாடகை மோட்டார்சைக்கிள். தெலுக் பஹாங்கிலிருந்து மலையேறித் தித்தி கெராவாங் வழியாக இறங்குவது என் வழி. சாலையோரம் ஜாதிக்காய் ஊறுகாயும் ஜாதிக்காய்த் தண்ணீரும் விற்பார்கள். ஜூன், ஜூலையில் வந்தால் வழியெல்லாம் டுரியான் வாசம். காருக்குள் ஏற்ற வேண்டாம், அங்கேயே உட்கார்ந்து தின்றுவிட்டு வாருங்கள்.

மேற்குக் கரையில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டால் பதில் சொல்வது சிரமம். பூலாவ் பெத்தோங்கில் படகுகள் கட்டிக்கிடக்கும், வலை காயும், பூனை தூங்கும். மேற்குப் பார்த்த கரை என்பதால் சூரியன் நேராகக் கடலில் இறங்கும்; டவுன்காரர்களுக்குக் கிடைப்பது உதயம் மட்டும். பாசிர் பாஞ்சாங்கில் மணலும் உண்டு, ஆள் குறைவு. ஆனால் அங்கே நான் பிள்ளைகளைத் தண்ணீரில் இறங்க விடுவதில்லை. 2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்று சுனாமி மலேசியாவில் 68 பேரைக் கொண்டுபோனது, பெரும்பாலோர் பினாங்கில். விடுமுறைக்கு வந்து அந்த மணலில் உட்கார்ந்திருந்த குடும்பங்களும் அதில் உண்டு.

மேற்கின் ஒரே குறை, மத்தியானத்துக்குப் பிறகு சாப்பாடு தேடி அலைய வேண்டும். லக்சா (மீன் குழம்பு ஊற்றிய அரிசி நூடுல்ஸ்) கடைகள் சீக்கிரம் மூடிவிடும். கெம்புங் (கானாங்கெளுத்தி) மீனை வேகவைத்து உதிர்த்துப் புளியோடு கொதிக்கவிட்ட அசாம் லக்சா, தேங்காய்ப்பால் சேர்த்த சியாம் லக்சா இரண்டும் இங்கே கிடைக்கும். டவுனில் தின்பதைவிட இது ஒரு படி மேல் என்பது என் கருத்து. லக்சாவுக்குப் பேர்போன ஏர் ஈத்தாம்காரர்கள் அடிக்க வருவார்கள், வரட்டும்.

ஆக, பிள்ளைகளோடு ஒரு நாள்தான் என்றால் காலையில் ஃபெரிங்கி, மாலையில் பாடாங் கோத்தா. பெற்றோரோடு என்றால் டவுன் மட்டும் போதும், இரண்டு நாளானாலும். காரும் நடக்கும் தெம்பும் இருந்தால் ஃபெரிங்கியில் நிறுத்தாமல் தெலுக் பஹாங், அங்கிருந்து மலை தாண்டி மேற்கு.

இந்த முறை அத்தையைக் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு போனேன். வளைவுகளில் தலை சுற்றுகிறது என்று வழியெல்லாம் திட்டினார். லக்சா கடையில் இருந்தது கடைசி மூன்று கிண்ணம். குழம்பை வாயில் வைத்தவர், மேலே தூவியிருந்த புங்கா கந்தான் பூவை விரலால் ஒதுக்கிப் பார்த்துவிட்டு, "நம்ம வீட்டு மீன் குழம்பு மாதிரிதான்லா இருக்கு, இவங்க பூவைப் போட்டிருக்காங்க" என்றார். திரும்பும்போது கேட்டது ஒன்றுதான்: "நாளைக்கு எத்தனை மணிக்குத் திறப்பாங்க?"